நான் இடறி விழவில்லை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

ஊர் வாசிகசாலையிலிருந்து இதனை வாசிக்கவிருக்கும் தங்களை, நேரிற் கண்டால் எழுந்து நின்று பேசும் அதே மரியாதையோடு விளித்து எழுதத் தொடங்குகிறேன். எழுந்து நிற்பது எனக்கு இப்போது சற்றுச் சிரமம் என்பதையும் முன்கூட்டியே தெரிவிக்கிறேன். அச்சிரமம் எவ்வாறு வந்தது என்பதை விளக்குவதே இந்தக் குறிப்பின் நோக்கம்.

1

சென்ற வாரம் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. அதனுள் மூன்று பொருட்கள் இருந்தன. முதலாவது ஒரு சான்றிதழ். ஐந்தாண்டுகள் ஊதியமின்றிச் சேவையாற்றியமைக்காக என்னை ‘எமது பன்முகச் சமூகத்தின் பெறுமதிமிக்க குரல்’ என்று அதிற் பாராட்டியிருந்தார்கள். இரண்டாவது ஒரு குழுப் புகைப்படம். அதில் பெறுமதிமிக்க குரலின் வாய் நிறையக் கேக் இருந்தது. மூன்றாவது, நான் கலந்துகொண்ட கடைசிக் கூட்டத்தின் அறிக்கை. அதில் என்னைப் பற்றி இரண்டு சிறு வாக்கியங்கள் இருந்தன: ‘உறுப்பினர் ஒருவர் தரைவிரிப்பில் இடறி விழுந்தார். தண்ணீர் வழங்கப்பட்டது.’

தண்ணீர் வழங்கப்பட்டது உண்மை.

முதலில் அந்தக் குழு எத்தகையது என்று சொல்லிவிடுகிறேன். நான் வாழும் ஓக்லாந்து நகரின் ஒரு வட்டாரத்தில், காவல்துறை தன் கடமையை முறையாகச் செய்கிறதா என்று பார்ப்பதற்குப் பொதுமக்கள் சிலரைக் கொண்டு ஒரு கண்காணிப்புக் குழு இயங்குகிறது. பொலிசை மக்கள் கண்காணிப்பதா என்று தாங்கள் வியப்பீர்கள். நானும் வியந்தேன். ஊரில் நாங்கள் பொலிசைக் கண்காணித்தது எந்த ஒழுங்கையால் வருகிறார்கள் என்று அறிந்து மறு ஒழுங்கையால் போவதற்காக மட்டுமே.

குழுவின் அதிகாரங்கள் பரந்தவை. முறைப்பாடுகளின் கோப்புகளை நாங்கள் வாசிக்கலாம். வாசித்த பின் கவலை தெரிவிக்கலாம். கவலை முற்றினால் பரிந்துரை செய்யலாம். அப்பரிந்துரையை ஏற்பதா என்பதைக் காவல்துறை பரிசீலிக்கும். பரிசீலித்து முடிந்ததும் எங்களுக்கு நன்றி தெரிவிக்கும். இவ்வளவு அதிகாரத்தையும் நான் ஒருநாளும் தவறாகப் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்தியதே இல்லை என்றாலும் பிழையில்லை.

2

நான் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன். தமிழை வாசிகசாலைப் பத்திரிகைகளிலும், ஆங்கிலத்தை இந்நாட்டில் வைத்தியசாலைச் சலவைப் பகுதியில் வேலை செய்த காலத்தில் சுவர் அறிவித்தல்களிலும் ஓர் அகராதியின் துணையோடு கற்றுக்கொண்டேன். ‘இங்கே கைகளை நுழைக்காதீர்’ என்பதே நான் முழுமையாக விளங்கிக்கொண்ட முதலாவது ஆங்கில வாக்கியம். அதன் அருமை பின்னர்தான் தெரிந்தது.

ஓய்வு பெற்ற பின் நியூ லின்னில் மகளோடும் மனைவியோடும் வீட்டில் இருந்தேன். நூலகத்தில் ஓர் அறிவித்தல் கண்டு குழுவுக்கு விண்ணப்பித்தேன். தெரிவாகிவிட்டேன் என்று கடிதம் வந்தபோது என் மனைவி புவனம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“உங்களை ஏன் எடுத்தவை எண்டு தெரியுமோ?” என்றாள்.

“என்ரை அனுபவத்துக்குத்தான்.”

“படம் எடுக்கேக்கை ஒரு கறுத்த முகம் வேணும். அதுக்குத்தான். எதுக்கும் அந்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு போங்கோ, படத்திலை நல்லாயிருக்கும்.”

முதற்கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் மலையையும் ஆற்றையும் சொல்லித் தம்மை அறிமுகப்படுத்த வேண்டும் என்றார்கள். இந்நாட்டின் ஆதிக்குடிகளான மாவோரி மக்களின் வழக்கம் அது. மிக அழகிய வழக்கம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை யாழ்ப்பாணத்தில்தான் இருந்தது. மேசை போன்று தட்டையான நிலத்தில் பிறந்தவன் எந்த மலையைச் சொல்வான்? எனவே, “எனது மலை கீரிமலை, எனது ஆறு வழுக்கையாறு” என்று கம்பீரமாக அறிவித்தேன். கீரிமலையில் மலை இல்லை. வழுக்கையாற்றில் மாரி தவிர்ந்த காலத்தில் நீரும் இல்லை. ஆயினும் தலைவி மார்கரெட் அம்மையார் கண்களை மூடி, “எவ்வளவு அழகு!” என்றார். இளைப்பாறிய பள்ளி அதிபர் அவர். எதைச் சொன்னாலும் பாராட்டித்தான் உட்கார வைப்பார்.

3

ஐந்து ஆண்டுகள் மாதந்தோறும் சென்றேன். நூலகத்தின் மேல்மாடி அறையில், மாலை நான்கு மணிக்குக் கூட்டம். முதலில் பிரார்த்தனை, பின்னர் தீ மூண்டால் எந்த வாசலால் ஓடுவது என்ற விளக்கம், பின்னர் தேநீர். எஞ்சிய நேரத்தில் கோப்புகள்.

காவல்துறையின் சார்பில் மூத்த சார்ஜன்ட் டேவிட் என்பவர் வருவார். ஆறடி உயரம், நல்ல மனிதர். ஒவ்வொரு கோப்பையும் சுருக்கிச் சொல்லி, “இதில் யாருக்கும் ஆட்சேபனை உண்டா?” என்று கேட்பார். மற்றவர்கள் சிலவேளை கேள்வி கேட்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். அவரும் எனக்குப் பதிலுக்குத் தலையாட்டுவார். சீருடை அணிந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சிரிப்பது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கமாட்டேன். அறுபத்தைந்து வயது வரை எனக்கு வாய்க்காத அனுபவம் அது.

சான்ட்ரிங்ஹாமில் மளிகைக் கடை வைத்திருக்கும் மதுரைக்காரர் முருகேசன் என்னைக் கண்டதும், “வாங்க சார், இன்னிக்கு யாரை உள்ள தூக்கிப் போட்டீங்க?” என்பார். தூக்கிப் போடுவது எங்கள் வேலை இல்லை என்று ஒருமுறை விளக்கமாகச் சொன்னேன். “அப்போ வெளிய எடுத்து விடுவீங்களா?” என்றார். அதுவும் இல்லை என்றேன். “அப்போ என்னதான் சார் பண்றீங்க அங்க?” என்று கேட்டுக்கொண்டே கத்தரிக்காயை நிறுத்தார். அக்கேள்விக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

புவனம்தான் பதில் சொன்னாள். ஒரு நாள் கூட்டம் முடிந்து வந்து, எல்லாக் கோப்புகளுக்கும் உடன்பட்டேன் என்று நான் பெருமையாகச் சொல்லியபோது, உலையில் அரிசியைப் போட்டபடி, “அப்ப அங்கையும் தலையாட்டியாத்தான் இருந்திட்டு வாறியள்” என்றாள்.

எங்கள் ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த நாட்களை அறிந்தவர்களுக்கு அச்சொல்லின் கனம் தெரியும். ஆண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் முழங்காலில் நிறுத்துவார்கள். கைகள் பிடரியில். முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவனை வாகனத்துக்குள் இருத்தி, எங்களை ஒவ்வொருவராக அவன் முன்னால் நடத்துவார்கள். அவன் தலை ஆடினால் முன்னால் நிற்பவன் வீட்டுக்கு வரமாட்டான். அவனைத்தான் தலையாட்டி என்போம். புவனத்தின் தம்பி அப்படி ஒரு நாளில் போனவன். அன்று இரவு நான் சோறு உண்ணவில்லை. ஆயினும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த நீலக் கோட்டையே அணிந்து சென்றேன்.

4

நிற்க. இனிச் சிவநேசனின் விடயத்துக்கு வருகிறேன்.

சிவநேசன் கிளிநொச்சிப் பக்கத்தவர். என்னிலும் பல வயது இளையவர். மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் இயந்திரம் ஓட்டினார். முதுகெலும்பு தேய்ந்து, அந்த வேலையை விடாவிட்டால் நடக்கவே இயலாது போகும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். நல்லகாலமாக, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கும் சிறு வான் ஒன்றை ஓட்ட ஆள் தேடினார்கள். அவரை அவர்களுக்குப் பிடித்துக்கொண்டது. பயணிகளை ஏற்றுவதற்கான அனுமதிப்பத்திரம் மட்டும் எடுக்க வேண்டியிருந்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்னர், ஒரு சனிக்கிழமை மதியம், அங்குள்ள பெரிய கடைத்தொகுதிக்கு மகள் ஆதிராவோடு சென்றவர், திரும்பி வந்தபோது காரை எங்கே நிறுத்தினோம் என்பதை மறந்துவிட்டார். வெள்ளை நிற ரொயோட்டா. இந்நகரில் வெள்ளை நிற ரொயோட்டாவைத் தேடுவது கடற்கரையில் ஒரு குறித்த சிப்பியைத் தேடுவதற்கு ஒப்பானது. ஒவ்வொன்றாகக் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டு போனார். யாரோ ஒரு நற்பிரஜை பொலிசுக்கு அறிவித்துவிட்டார்.

அதன்பின் நடந்ததைச் சிவநேசன் என்னிடம் சொன்ன விதத்திலேயே தருகிறேன்.

“அண்ணை, அந்தப் பெடியன் ‘எக்ஸ்கியூஸ் மீ, சேர்’ எண்டுதான் கூப்பிட்டவன். சும்மா சொல்லக்கூடாது, மரியாதையாய்த்தான். திரும்பிப் பாத்தன். யூனிபோம். அவ்வளவுதான். பையைக் கீழை வைச்சிட்டன். என்ரை முழங்கால் என்னைக் கேக்கேல்லை அண்ணை. அது தானாய்ப் போட்டுது. கையும் பிடரிக்குப் போட்டுது.”

“அவர் முழங்காலிலை இருக்கச் சொன்னவரோ?”

“இல்லை. அவன் பாவம், பயந்து போனான். ரெண்டடி பின்னாலை போட்டான்.”

பின்னால் போனவன் மறுபடி முன்னால் வந்து விலங்கை மாட்டினான். அரை மணி நேரம் பொலிஸ் காரில் இருத்தினார்கள். அவரது வெள்ளை ரொயோட்டா வாகனத் தரிப்பிடத்தின் இரண்டாம் தட்டில் அமைதியாக நின்றது கண்டுபிடிக்கப்பட்டதும், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆதிரா உருகும் ஐஸ்கிரீமைக் கையில் பிடித்தபடி இவ்வளவையும் பார்த்து நின்றாள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை. அன்று மாலையே இணையத்தளத்தில் ஏறித் தகப்பனுக்குச் சொல்லாமல் முறைப்பாடு எழுதிவிட்டாள். நான் பின்னர் வாசித்தேன். இரண்டே வரி: ‘என் அப்பா எங்கள் காரைத் தேடினார். அவர் ஏன் முழந்தாளிட்டார் என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.’

5

முறைப்பாடு சார்ஜன்ட் டேவிட்டின் மேசைக்கு வந்தது. அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, குடும்பத்தோடு பேச வீட்டுக்குப் போகிறேன், மொழிபெயர்க்க வர முடியுமா என்று கேட்டார். கண்காணிக்கும் குழுவில் இருப்பவர், கண்காணிக்கப்படுபவரின் காரில் ஏறி மொழிபெயர்க்கப் போகலாமா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. நான் முன்னாசனத்தில் அமர்ந்து போனேன். அன்று எனக்கிருந்த மிடுக்கை நினைக்க இப்போது நாணமாக இருக்கிறது.

சிவநேசன் வீட்டில் தேநீர், கேக், முறுக்கு, வடை எல்லாம் மேசையில் இருந்தன. முறைப்பாடு செய்தவர் எதிராளிக்கு விருந்து வைக்கும் வழக்கம் எங்களவர்க்கே உரியது. ஆதிரா நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் இந்தக் குறிப்பை நான் எழுத நேர்ந்திராது.

சார்ஜன்ட் ஒரு படிவத்தை வைத்து நிதானமாக மூன்று விடயங்கள் சொன்னார். பிரச்சினையை இத்துடன் இணக்கமாக முடிப்பதாகக் கையொப்பமிடலாம். அவ்வாறிட்டால் அதிகாரி எழுதிய குறிப்பு எழுதியபடியே பதிவில் இருக்கும். விருப்பமில்லாவிட்டால் கையொப்பமிடாமல் விசாரணை கேட்கலாம். அவர் எதையும் ஒளிக்கவில்லை.

சிவநேசன் என்னைப் பார்த்தார்.

“பிரச்சினை இதோடை முடியுதாம். கையெழுத்தைப் போட்டுவிடுங்கோ” என்றேன்.

“மூன்று நிமிடம் பேசினேன். நீங்கள் மூன்று விநாடியில் சொல்லிவிட்டீர்களே!” என்று சார்ஜன்ட் வியந்தார். “தமிழ் மிகச் செறிவான மொழி” என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? ஊரில் பொலிஸ் நிலையத்தில் நமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு தாளை நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டவன் பெரும்பாலும் அன்று மாலை வீட்டுக்கு வந்தான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவன் மெதுவாக வந்தான். சிலர் போட்டதனாலேயே உள்ளே போனதும் உண்டு. அதை யாரும் அறிவுரையாகச் சொல்வதில்லை. தாளைக் கண்டால் போடு, வீட்டுக்குப் போ என்பதே எங்களுக்குத் தெரிந்த சட்டம். இதுவே முழுக் காரணம் என்று எழுதினால் தாங்கள் என்மீது இரக்கம் கொள்வீர்கள். முழுக் காரணம் அதுவன்று. சார்ஜன்டுக்கு ஒரு கோப்பு இலகுவாக முடிய வேண்டும் என்று நான் விரும்பினேன். அவர் என் தோளில் தட்ட வேண்டும் என்றும் விரும்பினேன். தட்டினார்.

பின்னர் அவர் படிவத்தை என் பக்கம் திருப்பி, “மொழிபெயர்ப்பாளர் பெயர், கையொப்பம், இந்தப் பெட்டிக்குள்” என்றார். உடனே என் கை மடிக்குள் ஒடுங்கிக்கொண்டது. இளவயதில் அப்படி ஒரு தாளில் ஒப்பமிட்டு நான் பட்டது எனக்குத் தெரியும். இனி எந்தப் பொலிஸ் தாளிலும் என் பெயர் இராது என்று அன்று முடிவெடுத்தவன் நான். “குழு உறுப்பினர் என்ற வகையில் எனது நடுநிலைமைக்கு அது பங்கமாகும்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வசனத்தைக் கேட்டு அவர் தொப்பியைக் கழற்றாத குறை. பெட்டி வெறுமையாகவே போயிற்று.

அடுத்த கூட்டத்தில் அந்தக் கோப்பு, ‘முறைப்பாட்டாளர் பூரண திருப்தி’ என்ற குறிப்போடு வந்தது. ஆட்சேபனை உண்டா என்று கேட்டார்கள். தலையாட்டினேன்.

6

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவநேசன் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே பகிடி விடுபவர், அன்று செருப்பைக் கழற்றவே நேரமெடுத்தார். கையில் ஒரு கடிதம். அனுமதிப்பத்திரம் வழங்கும் அலுவலகம், அவரது விண்ணப்பத்தை நிராகரிக்க உத்தேசித்திருப்பதாக அறிவித்திருந்தது. மறுமொழி சொல்ல மூன்று வாரம். காரணமாகப் பொலிஸ் பதிவிலிருந்த ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்: ‘பணிக்கப்படாமலே முழந்தாளிட்டுக் கைகளைப் பின்தலையில் வைத்தார். கைது செய்யப்படுவதில் முன்னனுபவம் உள்ளவராகத் தோன்றுகிறது.’

இதிற் பொய்யான எழுத்து ஒன்றுகூட இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

“வான்காரர் இன்னும் மூண்டு கிழமை பாப்பினமாம்” என்றார் சிவநேசன். “பேந்து வேறை ஆளை எடுப்பினம். அண்ணை, அண்டைக்கு எல்லாம் முடிஞ்சுதெண்டுதானே சொன்னனீங்கள்?”

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். புவனம் குசினி வாசலில் நின்று, “இஞ்சாருங்கோ, அந்தத் தாளை நீங்கள் வாசிச்சுப் பாத்தனீங்களோ, இல்லையோ?” என்றாள்.

“அவர் வாயாலை சொன்னவர்.”

“அவர் சொன்னதை நீங்கள் இந்தப் பிள்ளைக்குச் சொன்னனீங்களோ?”

துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தேன். மகள் தர்ஷினி மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அவள் வீட்டில் தமிழ் பேசுவது என்னைத் திட்டும்போது மட்டும்தான்; அதுவும் பாதி. “அப்பா, யூ வேர் ஒன் த போர்ட், அண்ட் யூ இன்டர்பிரெட்டட்? சீரியஸ்லி? இதை நீங்க கூட்டத்தில சொல்லணும். சொன்னா உங்கட சீட் போகும். யூ நோ தட், ரைட்?”

“போகட்டும், போகட்டும்” என்றாள் புவனம். “படம் எடுத்தது காணும்.”

சிவநேசன் எழுந்தார். என்மீது கோபித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். “பரவாயில்லை அண்ணை. நீங்கள் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பியள்” என்று சொல்லி, முதுகைப் பிடித்தபடி படியிறங்கினார். ஐயா, எழுபது ஆண்டுகளில் என்னை இவ்வளவு கடுமையாக யாரும் ஏசியதில்லை.

7

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கடைசி விடயமாக எனக்கு மூன்று நிமிடம் ஒதுக்கினார்கள். அகராதியோடு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். எங்கள் மக்கள் சீருடையைக் கண்டால் ஏன் முழந்தாளிடுகிறார்கள் என்று எழுதியதை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். படிவத்தை மொழிபெயர்த்தவன் நானே என்பதும், மூன்றில் ஒன்றை மட்டும் சொன்னேன் என்பதும் இரண்டாம் பக்கத்தில் இருந்தன. முதற்பக்கம் முடிவதற்குள்ளேயே மார்கரெட் அம்மையார் கண்களை மூடிக்கொண்டு, “உங்கள் பண்பாட்டை எங்களோடு பகிர்ந்தமைக்கு மிக்க நன்றி. எவ்வளவு செழுமை!” என்றார்.

முழந்தாளிடுவது எங்கள் பண்பாடாகிவிட்டது. கீரிமலையும் மலையாயிற்று அல்லவா?

“இது பண்பாடு இல்லை, அம்மையீர்” என்றேன்.

சார்ஜன்ட் டேவிட் கனிவாகக் குறுக்கிட்டார். “உங்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் நானும் நெடுங்காலம் இந்த வேலையில் இருக்கிறேன். குற்றமற்ற மனிதர் யாரும், சொல்லாமல் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.”

கையிலிருந்த தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன். அகராதியில் அதற்குமேல் சொல் இல்லை. நாற்காலியைப் பின்னே தள்ளிவிட்டு, மேசைக்கும் யன்னலுக்கும் நடுவில் வந்து, சார்ஜன்டைப் பார்த்தபடி முழந்தாளிட்டேன். முதலில் இடது, பின்னர் வலது. விரல்களைக் கோத்துப் பிடரியில் வைத்தேன். முழங்கை விரிந்திருக்க வேண்டும், கண் நிலத்தில் இருக்க வேண்டும், கணுக்கால்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்க வேண்டும். எதையும் நான் யோசிக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் உடம்பு ஓர் எழுத்துப் பிழையின்றி ஒப்புவித்தது.

“இதைச் செய்யும்படி நீங்கள் எனக்குச் சொல்லவில்லை” என்றேன் தரைவிரிப்பைப் பார்த்து. “என்னைக் குழுவில் சேர்க்கும்போது என் குற்றப்பதிவைத் தேடியிருப்பீர்கள். ஏதாவது இருக்கிறதா?”

தேநீர்க் கேத்தல் கொதித்து நின்றது. பின்னர், எழுந்திருக்க முயன்றேன், இயலவில்லை. அந்நாளில் எழும்பு என்று உதைப்பார்கள், உடனே எழும்பிவிடுவோம். அந்த வசதி இங்கே இல்லை. சார்ஜன்ட் விரைந்து வந்து என் கைகளைப் பிடரியிலிருந்து மெல்ல எடுத்தார். அவருடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. இருவராகத் தூக்கி உட்காரவைத்தார்கள். தண்ணீர் வழங்கப்பட்டது.

“அந்தக் கோப்பைத் திறவுங்கள்” என்றார் மார்கரெட் அம்மையார். முதன்முறையாக அவர் குரல் அதிபரின் குரலாக இருந்தது.

சார்ஜன்ட் கணினியில் படிவத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். “மொழிபெயர்ப்பாளர் பெட்டி வெறுமையாக இருக்கிறது” என்றார்.

“யார் மொழிபெயர்த்தது?”

“நான்தான்” என்றேன். “மூன்று விடயம் சொன்னார். ஒன்றைத்தான் சொன்னேன்.”

அவர்கள் அதற்கு என்ன சொல்வார்கள் என்று ஆயத்தமாக இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி வெறுமை என்பதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. ஒப்பமில்லாத படிவம் செல்லாது. செல்லாத படிவத்தால் முடிக்கப்பட்ட முறைப்பாடு முடியவே இல்லை. நாற்பது ஆண்டு வரலாறு திறக்க இயலாத கதவை ஒரு வெற்றுப் பெட்டி திறந்துவிட்டது. நான் துணிவுள்ளவனாக இருந்து அன்று கையெழுத்திட்டிருந்தால், சிவநேசன் இன்றும் பாரம் தூக்கிக்கொண்டிருப்பார். என் வாழ்நாளில் என் கோழைத்தனம் ஒருவருக்கேனும் பயன்பட்டது இந்த ஒரு தடவைதான்.

8

விசாரணை மீளத் தொடங்கியது. அந்த வாக்கியத்தைப் பதிவிலிருந்து நீக்கினார்கள். மூன்றாம் வாரம் முடிய இரண்டு நாள் இருக்கையில் அனுமதிப்பத்திரம் வந்தது. சிவநேசன் இப்போது ஆறு பிள்ளைகளோடு வான் ஓட்டுகிறார். முதல்நாள் தொலைபேசியில், “அந்த வரியை என்னெண்டு அண்ணை வெட்டினவை?” என்று கேட்டார்.

“பெட்டி ஒண்டு நிரப்பாமல் கிடந்ததாம்.”

“அவ்வளவுதானோ?” என்று அவர் சிரித்த சிரிப்பில் என் காது அடைத்தது. “அப்ப நான் முழங்காலிலை இருந்ததுக்கு ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை?”

கேட்கவில்லை. கோப்பில் எழுதப்பட்ட காரணம், ‘படிவக் குறைபாடு’.

என் விடயமும் அவ்வாறே முடிந்தது. கூட்டம் கலைந்தபின், அங்கு பதிவு எழுதும் இளம்பெண் ஒரு விபத்துப் படிவத்தோடு வந்தாள். பணியிடத்தில் யாராவது தரைக்குப் போனால் நிரப்ப வேண்டுமாம். ஈரத்தரை, மின்கம்பி, தரைவிரிப்பு, பொருந்தாத பாதணி என்று நான்கு காரணங்கள் அச்சிடப்பட்டிருந்தன.

“நான் விழவில்லை, அம்மா. முழந்தாளிட்டேன்” என்றேன்.

அவள் தாளை மேலும் கீழும் பார்த்தாள். “மன்னியுங்கள், அதற்கு ஒரு பெட்டி இல்லையே” என்றாள். உண்மையாகவே வருந்தினாள். தரைவிரிப்பு என்பதற்கு நேரே புள்ளடி இட்டு, கையொப்பத்துக்கு நீட்டினாள். நான் ஒப்பமிடவில்லை. அந்தப் பெட்டியும் வெறுமையாகப் போயிற்று. ஆனால் இம்முறை தாளை முழுவதும் வாசித்தபின் மறுத்தேன்.

ஒரு வாரத்தின்பின், எனது பதவிக்காலம் இனிதே நிறைவடைந்ததாகக் கடிதம் வந்தது. அது நிறைவடையப் போவதை அதுவரை நான் அறிந்திருக்கவில்லை. சார்ஜன்ட் டேவிட் தனியே ஓர் அட்டையில், ‘முழங்கால் எப்படி இருக்கிறது?’ என்று எழுதி அனுப்பியிருந்தார். வைத்திருக்கிறேன். புவனம் சான்றிதழைச் சுவரில் மாட்டவில்லை. அரிசிப் பேணிக்கு மூடியாக அளவு பார்த்தாள். பொருந்தவில்லை. நீலக் கோட்டை மட்டும் தானே தோய்த்து, மடித்து, அலுமாரியில் வைத்தாள். எனக்கு அது போதும்.

ஆனால், ஐயா, அம்மையீர், ஆதிரா எழுதிய இரண்டாம் வரிக்கு இன்னும் மறுமொழி இல்லை. அவள் வளர்ந்து ஒருநாள் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கி வாசிக்கக்கூடும். இந்நாட்டில் அதற்கு உரிமை உண்டு. வாசித்தால், தகப்பன் ஒரு வெற்றுப் பெட்டியால் தப்பினார் என்றும், கிழவன் ஒருவன் தரைவிரிப்பில் இடறி விழுந்தான் என்றும் அறிவாள். அவர் ஏன் முழந்தாளிட்டார் என்பது அங்கே எந்தத் தாளிலும் இராது. இந்தத் தாளில் இருக்கிறது. இதை ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். என் ஆங்கிலத்தில் மூன்றில் ஒன்றுதான் வரும் என்று தங்களுக்குத் தெரியும். அவளுக்கு வாசித்துக் காட்ட அன்று யாராவது இருப்பார்கள் என்றும், அவர் மூன்றையும் சொல்வார் என்றும் நம்புகிறேன்.

முழுவதையும் இரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டேன். அடியில் என் கையெழுத்து இருக்கிறது; ஒருவரும் கேட்காமல் நானாக இட்டது. நம் வாசிகசாலை அலுமாரியில் ஈரம் படாத தட்டாகப் பார்த்து, தயவுசெய்து இதனை வைத்திருங்கள்.